தொடர் பாய்வு நுண்வினைகலன்களில் கரிம ஆலசனேற்றம்

தொடர் பாய்வு நுண்வினைகலன் என்பது, வினைபடுபொருள்களைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றிக் கலக்காமல், ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ உள்விட்டம் கொண்ட குழாய் அல்லது கால்வாய் வழியே இடைவிடாது ஓடவிட்டு, ஓடும்போதே வினைபுரியச் செய்யும் கருவி ஆகும். ஒரு முனையில் பம்புகள் இரண்டு நீர்மங்களைச் செலுத்தும். அவை ஒரு சந்திப்பில் கலந்து, குழாயின் நீளத்தைக் கடந்து, மறுமுனையில் வினைவிளைபொருளாக வெளிவரும். இதற்கு மாறாக, ஒரு கலனை நிரப்பி, வினை முடிந்ததும் காலி செய்து, மீண்டும் நிரப்பும் பழைய முறை தொகுதி முறை எனப்படும். தொழிற்சாலைகளில் அதைப் "பேட்ச்" என்றே சொல்வார்கள்.

கரிம ஆலசனேற்றம் என்பது ஒரு கரிமச் சேர்மத்தில் புளோரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்ப்பது. பாடநூல்களில் இது ஹாலஜனேற்றம் என்றும் எழுதப்படுகிறது. மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம், நெகிழி ஆகிய எல்லாத் தொழில்களுக்கும் இது அடிப்படை வினை. கார்பனோடு இணைந்த புரோமினையோ குளோரினையோ எளிதில் வெளியேற்றி, அந்த இடத்தில் வேறொரு தொகுதியை வைக்கலாம். அதனால் ஆலசனேற்றம் பெரும்பாலும் ஒரு நீண்ட தொகுப்பின் முதல் படியாக அமைகிறது. இறுதி மருந்தில் ஆலசனே இல்லாமல் போகலாம். வழியில் அது இருந்திருக்கும்.

நுண்வினைகலன்கள் பல வகை வினைகளுக்குப் பயன்பட்டாலும், ஆலசனேற்றத்தில் அவற்றின் பயன் தனித்து நிற்கிறது. வேகமும் விளைச்சலும் மட்டும் அதற்குக் காரணமல்ல. எந்த நொடியிலும் கருவிக்குள் இருக்கும் ஆலசனின் அளவு மிகச் சிறிது என்பதே முதன்மையான காரணம்.

ஆலசன்களும் நல்லம்பள்ளிச் சாலையும்

தர்மபுரி மாவட்டத்தாருக்கு ஆலசன் குடும்பத்தின் ஒரு முகம் நன்கு தெரியும். இம்மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து, பற்களில் பழுப்புக் கறையும் எலும்புகளில் நோயும் உண்டாயின. 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பும் சேர்ந்திருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் கிணற்று நீரில் இருப்பது புளோரைடு அயனி. அது தேவையான எலக்ட்ரானைப் பெற்று அடங்கிவிட்ட வடிவம். லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவில் ஆண்டுக்கணக்காகக் குடித்தால்தான் தீங்கு. தனிம புளோரினோ எலக்ட்ரானுக்காக எதையும் தாக்கும் வளிமம். இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் ஆலசன் வேதியியலைப் படித்தால் குழப்பமே மிஞ்சும்.

அடுத்த முகம் குளோரின். நல்லம்பள்ளிக்குத் தெற்கே, தொப்பூரிலிருந்து மேச்சேரி வழியாகப் பிரியும் சாலை மேட்டூருக்குப் போகிறது. அணையின் மின்சாரத்தை நம்பி மேட்டூரில் 1930களிலேயே வேதித் தொழில் தொடங்கியது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் எரிசோடாவும் குளோரினும் கிடைக்கும். குளோரினைச் சேமித்து வைப்பது கடினம் என்பதால் அதை அருகிலேயே வேறு பொருளாக மாற்றுவது தொழிலின் இயல்பு. செம்பிளாஸ்ட் நிறுவனம் 1967இல் அங்கே பிவிசி ஆலையை அமைத்தது. மீத்தேனின் குளோரின் சேர்மங்களும் மேட்டூரில் தயாராகின்றன. ஆலசனேற்றம் இவ்வட்டாரத்துக்கு இறக்குமதியான புதுமை அல்ல. இதே நிறுவனம் ஓசூர் அருகே பேரிகையில் மருந்து, பயிர்க்காப்புத் துறைகளுக்கான இடைநிலைப் பொருள்களைத் தயாரிக்கும் ஆலையையும் நடத்துகிறது.

மேட்டூர்ப் பக்கத்திலிருந்து ஓசூர், பெங்களூரு நோக்கிச் செல்லும் சரக்கு லாரி தொப்பூர்க் கணவாயில் ஏறி, நல்லம்பள்ளி வழியாகவே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போயாக வேண்டும். தொப்பூர்க் கணவாய் விபத்துகளுக்குப் பெயர்போன இறக்கம். பொதுவாக நீர்மக் குளோரின், "டன்னர்" எனப்படும், ஏறத்தாழ 900 கிலோ கொள்ளும் உருளைகளில் சாலை வழியே செல்கிறது. குளோரின் வளிமம் காற்றைப் போல இரண்டரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தாழ்வான இடத்தில் தேங்கும். மலைச்சரிவுச் சாலையில் அதன் பொருள் என்ன என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆலசனை எங்கே உண்டாக்குகிறோம், எவ்வளவு வைத்திருக்கிறோம், எவ்வளவு தூரம் கொண்டு செல்கிறோம் என்பவை ஆய்வகத்துக்குள் மட்டும் எழும் கேள்விகள் அல்ல.

வினையில் பிறக்கும் வெப்பம்

ஆல்க்கேன் போன்ற நிறைவுற்ற சேர்மங்களில் ஆலசனேற்றம் தனி உறுப்புகளின் சங்கிலி வினையாக நடக்கிறது. ஒளியோ வெப்பமோ ஆலசன் மூலக்கூறை இரண்டு அணுக்களாகப் பிளக்கும். ஓர் ஆலசன் அணு, சேர்மத்திலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும். மிஞ்சிய கரிமத் தனி உறுப்பு மற்றோர் ஆலசன் மூலக்கூறைத் தாக்கி, விளைபொருளையும் புதியதோர் ஆலசன் அணுவையும் தரும். இப்படி ஒரு தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் நடக்கலாம்.

மீத்தேனில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஓர் ஆலசனைப் பதிலிடும்போது வெளியாகும் வெப்பம், புளோரினுக்கு மோலுக்குச் சுமார் 430 கிலோஜூல், குளோரினுக்குச் சுமார் 100, புரோமினுக்குச் சுமார் 30. அயோடினுக்கு வெப்பம் வெளியாவதில்லை. சுமார் 50 கிலோஜூல் உள்ளே கொடுக்க வேண்டும். அயோடின் ஆல்க்கேனோடு நேரடியாக வினைபுரியாததற்கும், புளோரின் வெடிப்பதற்கும் இந்த நான்கு எண்களே பெரும்பாலும் விளக்கம்.

குளோரினை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் கரைசலில் 2 மோல் சேர்மம் இருந்து, அது முழுவதும் குளோரினேற்றம் அடைந்தால் 200 கிலோஜூல் வெளிவரும். அந்த வெப்பம் எங்கும் போக வழியில்லை என்றால் சாதாரணக் கரிமக் கரைப்பான் 100 °செ.க்கு மேல் சூடேறும். பல கரைப்பான்கள் அதற்குள் கொதித்துவிடும். வெப்பநிலை ஏற ஏற வினை விரையும், வினை விரைய விரைய வெப்பம் கூடும். தொழிற்சாலைகளில் இதைக் கட்டுப்படுத்த, ஆலசனை மணிக்கணக்கில் மெல்ல மெல்லச் சேர்க்கிறார்கள். அதாவது, சில நொடிகளில் முடியக்கூடிய வினையை, கலனின் குளிர்விக்கும் திறன் போதாமையால், வேண்டுமென்றே நாள் முழுக்க இழுக்கிறார்கள்.

குழாய் சிறுத்தால் என்ன மாறுகிறது

அண்டாவில் காய்ச்சிய பால் ஆற நேரமாகும். அதையே டவராவில் ஊற்றினால் உடனே ஆறிவிடும். வெப்பம் வெளியேறுவது புறப்பரப்பு வழியாக. வெப்பம் பிறப்பதோ கன அளவு முழுவதிலும். எனவே பார்க்க வேண்டியது இவ்விரண்டின் விகிதத்தை. 1000 லிட்டர் வினைகலனில், ஒரு கன மீட்டர் நீர்மத்துக்குச் சுமார் 4 அல்லது 5 சதுர மீட்டர் சுவர்ப்பரப்பே உண்டு. உருளைக் குழாயில் இந்த விகிதம், 4ஐ விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும். 1 மி.மீ. குழாய்க்கு அது 4000. ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. இவ்வளவு பரப்பு இருக்கும்போது வினையின் வெப்பம் பிறந்த இடத்துக்கு அருகிலேயே சுவரைத் தொட்டு வெளியேறிவிடும். நாள் முழுக்க இழுத்த வினையைச் சில நிமிடங்களிலோ நொடிகளிலோ முடிக்கலாம்.

கலத்தல் இதைவிட நுட்பமான விஷயம். காய்ச்சிய பாலில் எலுமிச்சைச் சாற்றை விட்டால், கரண்டி சுற்றி வருவதற்குள் சாறு விழுந்த இடத்தில் பால் திரிந்துவிடும். அங்கே புளிப்பு மிகுதி, மற்ற இடத்தில் துளியும் இல்லை. வேகமான ஆலசனேற்றத்திலும் இதுவே நடக்கிறது. அயோடினோ புரோமினோ துளியாக விழும் இடத்தில், ஒரு மூலக்கூறு ஒருமுறை வினைபுரிந்து முடித்ததும், பக்கத்தில் இன்னும் ஆலசன் மிகுந்திருப்பதால் இரண்டாம் முறையும் வினைபுரிந்துவிடும். கலனின் மறுகோடியில் ஒருமுறைகூட வினைபுரியாத மூலக்கூறுகள் காத்துக் கிடக்கும். முடிவில், நாம் விரும்பிய ஒற்றைப் பதிலீட்டுப் பொருளோடு இரட்டைப் பதிலீட்டுப் பொருளும், மாறாத தொடக்கப் பொருளும் கலந்து கிடைக்கும். இது மூலக்கூறின் இயல்பால் வந்த குறை அல்ல, கலக்கியின் வேகம் போதாமையால் வந்தது. பகுப்பாய்வில் மட்டும் மூலக்கூறின் குறையாகவே தோன்றும்.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஜுனிச்சி யோஷிடாவின் குழு 2006இல் இதைத் தெளிவாகக் காட்டியது. மின்வேதி முறையில் உண்டாக்கிய நேர்மின் அயோடின் கரைசலை, எலக்ட்ரான் செறிந்த பென்சீன் வளையச் சேர்மங்களோடு சாதாரணக் குடுவையில் சேர்த்தால் ஈரயோடோ பொருள் மிகுதியாக வந்தது. அதே கரைசல்களை, ஓடையை மிக மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துச் சேர்க்கும் நுண்கலப்பானில் சேர்த்தபோது ஓரயோடோ பொருளே முதன்மையாகக் கிடைத்தது. வேதிப்பொருள்களும் வெப்பநிலையும் மாறவில்லை, கலந்த விதம் மட்டுமே மாறியது.

மெல்லிய அடுக்கு ஏன் உதவுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நுண்குழாயில் நீர்மம் சுழலாமல் வரிச்சீராக ஓடுகிறது. கலப்பதற்கு மூலக்கூறுகளின் விரவலையே நம்ப வேண்டும். விரவலுக்கு ஆகும் நேரம் தொலைவின் வர்க்கத்துக்கு நேர் விகிதம். நீர் போன்ற நீர்மத்தில் சிறு மூலக்கூறு ஒன்று 1 மி.மீ. விரவச் சுமார் 1000 வினாடி, அதாவது கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். 0.1 மி.மீ. விரவ 10 வினாடி, 0.01 மி.மீ. விரவ 0.1 வினாடி போதும். ஆகவே வெறும் 1 மி.மீ. குழாய் நல்ல கலப்பான் அல்ல. "நுண்வினைகலன்" என்ற பெயரைக் கேட்டதும் குழாய் சிறியது, கலப்பு தானாக வரும் என்று எண்ணிவிடக் கூடாது. கலப்புக்கு உள்ளே தனியான அமைப்பு வேண்டும்.

மூன்றாவது, ஒளி. புரோமின் கரைசல் அடர்ந்த செம்பழுப்பு. செறிவான கரைசலில் ஒளியின் பெரும்பகுதி முதல் மில்லிமீட்டருக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். 1000 லிட்டர் கலனின் நடுவில் விளக்கை வைத்தாலும், விளக்கைச் சுற்றிய மெல்லிய உறையில் மட்டுமே வினை தொடங்கும். மற்ற பகுதி இருட்டறை. ஒளி ஊடுருவும் டெஃப்ளான் வகைக் குழாயை விளக்கைச் சுற்றிச் சுருளாகச் சுற்றிவிட்டால், ஓடும் நீர்மத்தின் ஒவ்வொரு துளியும் ஏறத்தாழ ஒரே அளவு ஒளியைப் பெறும். ஒளியால் தூண்டப்படும் ஆலசனேற்றங்கள் பாய்வு முறைக்கு முதலில் மாறியதில் வியப்பில்லை.

ஒரு கணக்கு

மொத்தக் கொள்ளளவு 10 மில்லிலிட்டர் மட்டுமே உள்ள குழாய் வினைகலன் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். டொலுயீன் போன்ற சேர்மத்தை லிட்டருக்கு 0.5 மோல் செறிவில், சம அளவு புரோமினோடு ஓடவிடுகிறோம். ஒவ்வொரு துளியும் குழாய்க்குள் இருக்கும் நேரம், அதாவது தங்கும் நேரம், 1 நிமிடம். அப்படியானால் நிமிடத்துக்கு 10 மில்லிலிட்டர் வெளிவரும். ஒரு நாளைக்கு 14.4 லிட்டர், அதில் 7.2 மோல். வினை முழுமையாக நடந்தால் பென்சைல் புரோமைடு சுமார் 1.2 கிலோ.

இதே அளவைத் தொகுதி முறையில் ஒரே முறையாகச் செய்யச் சுமார் 1150 கிராம் புரோமின் கையில் இருக்க வேண்டும். குழாயிலோ எந்த நொடியிலும் அதிகபட்சம் 5 மில்லிமோல், அதாவது 0.8 கிராம் புரோமின்தான் இருக்கும். குழாய் உடைந்தால், பம்பை நிறுத்திவிட்டால், வெளியேறக்கூடியது அவ்வளவே.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. பம்புக்குப் பின்னால் ஒரு புட்டி நிறையப் புரோமின் காத்திருந்தால், ஆபத்தைக் குழாயிலிருந்து புட்டிக்கு மாற்றினோமே தவிரக் குறைக்கவில்லை. ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் இந்தப் புட்டி படத்துக்கு வெளியே நிற்கும். ஆகவே பாதுகாப்பை உண்மையில் பெற வேண்டுமானால், ஆலசனையும் அங்கேயே, அப்போதைக்கு அப்போது உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிந்தனைக்குப் பின்னால் 1984 டிசம்பர் போபால் இருக்கிறது. அங்கு கசிந்த தொட்டியில் மெத்தில் ஐசோசயனேட்டு சுமார் 40 டன் இருந்தது. அது விற்பனைக்கான பொருள் அல்ல, அடுத்த படிக்காகச் சேமித்து வைத்த இடைநிலைப் பொருள். அதன் பிறகு அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் டெக்சாஸ் மாநில லா போர்ட்டு ஆலையில் அதே பொருளைச் சேமிக்காமல், உண்டாக்கிய உடனே செலவழிக்கும் முறைக்கு மாறியது. (அதே ஆலையில் 2014இல் வேறொரு நச்சு வளிமமான மெத்தில் மெர்காப்டன் கசிந்து நான்கு தொழிலாளர்கள் இறந்தனர். ஒரு பொருளின் இருப்பைக் குறைப்பது அந்த ஒரு பொருளுக்கான தீர்வு மட்டுமே.)

டர்ஹமில் புளோரின்

தனிம புளோரினைக் கரிமச் சேர்மத்தோடு நேரடியாகச் சேர்ப்பது நெடுங்காலம் பெரும்பாலான ஆய்வகங்கள் தொடத் துணியாத வேலையாக இருந்தது. இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சேம்பர்சும் அவருடைய உடனாய்வாளரும் 1999இல் உலோகக் கட்டியில் வெட்டிய மெல்லிய பள்ளத்தில் இதைச் செய்து காட்டினர். தூய புளோரினுக்குப் பதிலாக, நைட்ரஜனில் 10 விழுக்காட்டளவு புளோரின் கலந்த வளிமத்தைப் பயன்படுத்தினர். வளிமம் நடுவிலும் நீர்மம் சுவரை ஒட்டிய மெல்லிய படலமாகவும் ஓடியது. அதனால் இரண்டுக்கும் இடையிலான தொடுபரப்பு மிகப் பெரிதாக அமைந்தது. எத்தில் அசிட்டோஅசிட்டேட்டு போன்ற சேர்மங்களில் குறிப்பிட்ட ஒரு கார்பனில் புளோரினைச் சேர்க்க முடிந்தது.

குறுகலான கால்வாய்க்கு இங்கே இன்னொரு வேலையும் உண்டு. வளிமத்தில் தனி உறுப்புச் சங்கிலி கட்டுமீறிப் பரவினால் வெடிப்பு. சுவர் மிக அருகில் இருந்தால் தனி உறுப்புகள் சுவரில் மோதி அழிந்துவிடும், வெப்பமும் அங்கேயே இறங்கிவிடும். சுடர் பரவ முடியாது. சுரங்கத் தொழிலாளரின் பாதுகாப்பு விளக்கில் கம்பிவலை செய்த வேலையும் கிட்டத்தட்ட இதுவே.

டர்ஹமில் தொடங்கிய இந்த வழி ஒரு மருந்து வரை வந்தது. புளூசைட்டோசின் என்பது, கிரிப்டோகாக்கசு என்னும் பூஞ்சையால் வரும் மூளையுறை அழற்சிக்குக் கொடுக்கப்படும் மருந்து. எய்ட்ஸ் நோயாளிகளுக்கு இந்த அழற்சி பெரும்பாலும் உயிருக்கே ஆபத்தாகும். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் புளூசைட்டோசின் உள்ளது. வழக்கமான தயாரிப்புக்கு நான்கு படிகள் வேண்டும். 2017இல் கிரஹாம் சேன்ட்ஃபோர்டின் குழு, மலிவான சைட்டோசினைத் தொடர் பாய்வில் புளோரினோடு சேர்த்து, ஒரே படியில் இதைப் பெற்றது. பெரிய அளவிலான சோதனைக்குச் சிலிக்கான் கார்பைடால் ஆன வினைகலன் பயன்பட்டது. கண்ணாடி இதற்கு ஏற்றதல்ல, புளோரினேற்றத்தில் பிறக்கும் ஹைட்ரஜன் புளோரைடு அதை அரித்துவிடும்.

குளோரினும் ஒளியும்

டொலுயீனை குளோரினேற்றம் செய்தால் வினை இரண்டு இடங்களில் நடக்கலாம் என்பது மேல்நிலை மாணவருக்குத் தெரிந்ததே. ஒளி இருந்தால் பக்கச் சங்கிலியில், இரும்பு குளோரைடு போன்ற வினையூக்கி இருந்தால் வளையத்தில். இந்தப் பாடம் தொழில் அளவில் ஒரு தலைவலியாக மாறுகிறது. எஃகுக் கருவியின் சுவரே குளோரினோடு சேர்ந்து இரும்பு குளோரைடை உண்டாக்கும். நாம் சேர்க்காத வினையூக்கி தானாகச் சேர்ந்து, வேண்டாத வளையப் பதிலீட்டைக் கூட்டிவிடும்.

ஜெர்மனி ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. பாலியூரிதேன் தொழிலில் பயன்படும் டொலுயீன்-2,4-டைஐசோசயனேட்டின் பக்கச் சங்கிலியில் ஒரு குளோரினைச் சேர்ப்பது நோக்கம். அவர்கள் பயன்படுத்தியது வீழ்படல நுண்வினைகலன். நிமிர்த்தி வைத்த உலோகத் தகட்டின் நுண்பள்ளங்களில் நீர்மம் மெல்லிய படலமாக வழியும்; எதிரே குளோரின் வளிமம்; கண்ணாடிச் சாளரம் வழியே ஒளி. வழக்கமான கலனில் 65 விழுக்காடு பொருள் வினைபுரிந்தபோது அதில் 45 விழுக்காடே விரும்பிய பொருள். நுண்வினைகலனில் 55 விழுக்காடு வினைபுரிந்தபோது அதில் 80 விழுக்காடு விரும்பிய பொருள். கலனின் ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு ஒரு மணி நேரத்தில் கிடைத்த உற்பத்தி 1.3 மோலிலிருந்து சுமார் 400 மோலாக உயர்ந்தது. கடைசி எண் மலைக்க வைக்கும். ஆனால் நுண்வினைகலனின் கொள்ளளவே மிகச் சிறிது என்பதால், அதைத் தொழிற்சாலையின் மொத்த உற்பத்தியாக எண்ணிவிடக் கூடாது. கவனிக்கத்தக்கது 45க்கும் 80க்கும் உள்ள வேறுபாடு. எறிந்துவிட வேண்டிய கழிவு எவ்வளவு என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

புரோமினைப் பிறந்த இடத்திலேயே செலவழித்தல்

இந்தியாவின் பங்களிப்பு தெளிவாகத் தெரியும் இடம் இது. கடல் நீரில் புரோமைடு லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம் உண்டு. உப்பளத்தில் உப்பு படிந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் அது பல மடங்கு செறிந்திருக்கும். கட்சு வளைகுடாப் பகுதியும் ரண் பகுதியும் நாட்டின் புரோமின் களஞ்சியம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்ச்சியன் நிறுவனமும் குஜராத்தின் ஹாஜிபீரில்தான் புரோமின் எடுக்கிறது.

நீர்மப் புரோமின் 59 °செ.யில் கொதிக்கும், அறை வெப்பநிலையிலேயே புகையும், தோலில் பட்டால் ஆறாப் புண். பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள், புரோமினாக வடித்தெடுப்பதற்கு முந்தைய படியிலேயே நிறுத்தினால் என்ன என்று கேட்டனர். அந்தப் படியில் கிடைப்பது சோடியம் புரோமைடும் சோடியம் புரோமேட்டும் கலந்த உப்பு. அதன் விகிதத்தை 2:1 ஆகத் திருத்தி, பயன்படுத்தும் இடத்தில் அமிலம் சேர்த்தால், இரண்டு புரோமைடும் ஒரு புரோமேட்டும் மூன்று ஹைட்ரஜன் அயனிகளும் சேர்ந்து மூன்று ஹைப்போபுரோமசு அமில மூலக்கூறுகளைத் தரும். அதுவே புரோமினேற்றும் பொருள். 2006இல் வெளிவந்த இந்த முறையில் இரண்டு நன்மைகள் உண்டு. எடுத்துச் செல்வது புகையும் நீர்மமல்ல, உப்பு. அடுத்தது இன்னும் முக்கியம்: சாதாரணப் புரோமினேற்றத்தில் பாதிப் புரோமின் ஹைட்ரஜன் புரோமைடாக வீணாகும், இங்கே எல்லாப் புரோமின் அணுவும் விளைபொருளுக்குப் போக வாய்ப்பு உண்டு.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் கப்பேயின் குழு இதற்கு நெருங்கிய வேதியியலைப் பாய்வு முறையில் செய்தது. முதலில் 2014இல் அவர்கள் என்-புரோமோசக்சினிமைடு என்னும் திண்மப் பொருளை அசிட்டோநைட்ரைலில் கரைத்து, விளக்கைச் சுற்றிய குழாயில் ஓடவிட்டுப் பென்சைல் புரோமினேற்றம் செய்தனர். பழைய பாடநூல்கள் இவ்வினைக்குச் சொல்லும் கார்பன் டெட்ராகுளோரைடு, ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். எனவே கரைப்பான் மாற்றமும் இதில் ஒரு முன்னேற்றமே. பிறகு 2020இல் சோடியம் புரோமேட்டையும் ஹைட்ரோபுரோமிக் அமிலத்தையும் குழாயிலேயே சந்திக்க வைத்துப் புரோமினை உண்டாக்கினர். ஒரு புரோமேட்டும் ஐந்து புரோமைடும் ஆறு ஹைட்ரஜன் அயனிகளும் சேர்ந்து மூன்று புரோமின் மூலக்கூறும் நீரும் தரும் வினை அது. பிறந்த புரோமின் அடுத்த நொடியே 405 நானோமீட்டர் எல்இடி ஒளியில் செலவானது. தங்கும் நேரம் 15 வினாடி வரை குறைந்தது. கரிமக் கரைப்பானே இல்லாமல் 230 நிமிடங்களில் 1.17 கிலோ பொருள் கிடைத்தது. வினையில் வீணாகப் பிறந்த ஹைட்ரஜன் புரோமைடைத் திருப்பிப் பயன்படுத்தும் ஏற்பாடும் இருந்தது.

சற்றுமுன் சொன்ன ஓட்டை இங்கே அடைபடுகிறது. பம்புக்குப் பின்னால் இருப்பது புரோமின் புட்டி அல்ல, உப்புக் கரைசலும் அமிலமும். ஹைட்ரோபுரோமிக் அமிலமும் அரிக்கும் பொருள்தான், புரோமேட்டும் கவனமாகக் கையாள வேண்டிய ஆக்சிஜனேற்றி. இருந்தாலும் கவிழ்ந்த லாரியிலிருந்து வெளிப்பட்டால், நீர்மப் புரோமின் போல ஊரை மூடும் புகையாக அவை எழுவதில்லை.

தீராத சிக்கல்கள்

முதல் எதிரி திண்மம். புரோமினேற்றத்தில் பிறக்கும் அமைன் உப்போ, என்-புரோமோசக்சினிமைடு வினைபுரிந்தபின் எஞ்சும் சக்சினிமைடோ, படிகமாகி ஒரு மில்லிமீட்டர் குழாயை அடைத்துவிடும். பெரிய கலனில் அது வெறும் கசடு. இங்கே ஆலை நின்றுவிடும். கரைப்பானை மாற்றுவது, நீர்த்த கரைசலில் ஓட்டுவது, மீயொலியால் அதிரவைப்பது எனப் பல உத்திகள் உண்டு. நீர்த்த கரைசல் என்றால் கரைப்பான் செலவு கூடும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அடுத்தது அரிப்பு. ஈரமான ஹைட்ரஜன் புரோமைடும் ஹைட்ரஜன் குளோரைடும் சாதாரணத் துருவுறா எஃகைத் தின்றுவிடும். கண்ணாடி, டெஃப்ளான், சிலிக்கான் கார்பைடு, ஹேஸ்டலாய் போன்ற பொருள்களில் கருவி அமைய வேண்டும். பம்பின் உட்பாகங்களுக்கும் இது பொருந்தும். பெரும்பாலும் முதலில் பழுதாவது வினைகலன் அல்ல, பம்பு.

உற்பத்தியைப் பெருக்கும்போது, ஆய்வகக் குழாயைப் போல ஆயிரம் குழாய்களைப் பக்கவாட்டில் அடுக்கினால் போதும் என்று தொடக்கக் காலத்தில் எழுதினார்கள். நடைமுறையில் ஆயிரம் குழாய்க்கும் சமமாக நீர்மத்தைப் பங்கிடுவதே பெரும்பாடு. ஒரு குழாய் பாதி அடைத்தாலும் ஆலசனுக்கும் சேர்மத்துக்குமான விகிதம் அதில் மட்டும் மாறும், வெளியே தெரியாது. அதனால் இப்போது குழாய்களின் எண்ணிக்கையைப் பெரிதாகக் கூட்டாமல், விட்டத்தைச் சிறிது கூட்டி, உள்ளே கலக்கும் அமைப்புகளை வைத்து, ஓட்டத்தை விரைவாக்குகிறார்கள்.

மெதுவான வினைகளுக்கு இந்தக் கருவி தேவையில்லை. பத்து மணி நேரம் பிடிக்கும், அதிக வெப்பம் வெளியிடாத வினையைப் பத்து மணி நேரத் தங்கும் நேரம் கொண்ட குழாயில் ஓட்டுவதில் பொருளில்லை, கலனே போதும்.

பாய்வு முறை என்றாலே பசுமை வேதியியல் என்று எழுதுவதும் மிகை. புரோமின் மூலக்கூறைக் கொண்டு செய்யும் பதிலீட்டில், குடுவையானாலும் குழாயானாலும், பாதிப் புரோமின் அமிலமாகவே போகும். அதைத் திருப்பி எடுக்கும் ஏற்பாடு இருந்தால் மட்டுமே கணக்கு மாறும். விளைந்த கரிம ஆலசன் சேர்மம் சூழலில் நீண்ட காலம் சிதையாமல் இருக்குமா என்ற கேள்விக்கும் வினைகலனின் அளவுக்கும் தொடர்பில்லை.

இந்தியாவில் இன்றைய நிலை

புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் அமோல் குல்கர்னியின் குழு தொடர் பாய்வுக் கருவிகளையும் முறைகளையும் நீண்ட காலமாக உருவாக்கி வருகிறது. ஹைதராபாத்தில் டாக்டர் ரெட்டீஸ் உயிர் அறிவியல் நிறுவன வளாகத்தில் பாய்வு வேதியியலுக்கென்றே ஒரு தொழில்நுட்ப மையம் இயங்குகிறது. மருந்துப் பொருள்களைத் தொடர் முறையில் தயாரிப்பதற்கான கியூ13 என்னும் பன்னாட்டு வழிகாட்டுநெறி 2022 நவம்பரில் ஏற்கப்பட்டது. "ஒரு தொகுதி" என்பதை எப்படி வரையறுப்பது என்ற குழப்பம் அதன் பிறகு குறைந்தது. ஓடிக்கொண்டே இருக்கும் ஆலையில், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை வெளிவந்தது என்று நேரத்தைக் கொண்டோ, வெளிவந்த பொருளின் அளவைக் கொண்டோ தொகுதியைக் குறிக்கலாம்.

ஆயினும் நம் நாட்டின் சிறிய, நடுத்தர ஆலைகளில் பெரும்பாலானவை கண்ணாடிப் பூச்சுக் கலன்களையே நம்புகின்றன. ஒரே கலனில் இந்த மாதம் ஒரு பொருள், அடுத்த மாதம் வேறொரு பொருள் என்று செய்ய முடிவதே அவற்றின் பலம். முதலீடும் எப்போதோ மீண்டுவிட்டது. அத்தகைய ஆலை முழுவதையும் பாய்வு முறைக்கு மாற்றச் சொல்வது நடக்காது. நடக்கக்கூடியது ஒன்று உண்டு. தொகுப்பின் ஏழெட்டுப் படிகளில் ஆலசன் வரும் அந்த ஒரு படியை மட்டும் குழாய்க்கு மாற்றி, முன்னும் பின்னும் உள்ள படிகளைப் பழைய கலன்களிலேயே விட்டுவிடலாம். மேட்டூரைப் போல மின்பகுப்பில் குளோரின் பிறக்கும் இடத்தில், அதைக் குழாய் வழியே நேராக வினைக்கு அனுப்பலாம். மற்ற இடங்களில் புரோமைடு உப்பை மூட்டையாக வாங்கி, அமிலமும் ஆக்சிஜனேற்றியும் கொண்டு தேவையான நொடியில் தேவையான அளவு புரோமினை உண்டாக்கலாம். இரண்டு வழியிலும் தொப்பூர்க் கணவாயில் ஏறும் லாரியில் டன்னரோ நீர்மப் புரோமினோ இருக்காது.